எம்ஜிபி ரோட்ஸ்டர் 1972: இடப்புறம் திரும்பினால் இடது பின் டயர் மட்கார்டில் உரசுகிறது

பச்சைரோட்ஸ்டர் (லெஸ்டர்)

வணக்கம். என்னிடம் இருப்பது 1972ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர், இரண்டு பேர் உட்காரும் திறந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். ஸ்போக் சக்கரங்கள், வலப்பக்க ஸ்டீயரிங், குரோம் பம்பர். பழைய 165 மி.மீ. அகல டயர்களின் பக்கச் சுவரில் வெடிப்புகள் ஓடிவிட்டதால் சென்ற கோடையில் நான்கையும் மாற்றினேன். டயர்க் கடையில் 185/70 ஆர்14 போடச் சொன்னார்கள். "எல்லோரும் இதைத்தான் போடுகிறார்கள்" என்பதுதான் அவர்கள் சொன்ன ஒரே காரணம். போட்டதும் காருக்கு ஒரு மிடுக்கு வந்தது என்பதை மறுக்க மாட்டேன்.

தனியாக ஓட்டினால் ஒரு சத்தமும் இல்லை. கணவரும் அவருடைய இரண்டு பைகளும் ஏறிக்கொண்டால்தான் வினை. லெஸ்டரிலிருந்து ஏ47 சாலையில் கிழக்கே போய், அப்பிங்கம் வட்டச்சந்தியில் ஓக்கம் பக்கமாக இடப்புறம் ஒடித்ததும் பின்னாலிருந்து 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். ரப்பர் தீய்ந்த வாடையும் லேசாக வருகிறது. வலப்புறம் திரும்பினால் சத்தம் இல்லை. நேரான சாலையில் குழிக்குள் இறங்கினாலும் இல்லை.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். இடது பின் டயரின் வெளித்தோளில் சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு ரப்பர் பளபளக்கிறது. மட்கார்டின் உள்மடிப்பில், டயரின் உச்சிக்குச் சற்றுப் பின்னால், உள்ளங்கை நீளத்துக்குப் பெயின்ட் போய்த் தகரம் தெரிகிறது. சமதரையில் ஆள் ஏறாமல் நிறுத்தி, டயரின் பக்கச் சுவருக்கும் மடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தேன். இடது 8 மி.மீ., வலது 19 மி.மீ.

எனக்குப் பிடிபடாத விஷயம் இதுதான். இடப்புறம் திரும்பும்போது பாரம் வலது சக்கரங்களின் மேல் சாய்கிறது. இடப்பக்கம் மேலே தூக்கிக்கொள்கிறது. அப்படியிருக்க, தூக்கிக்கொண்ட பக்கம் எப்படி உரசும்?

"மடிப்பை உருட்டி மடக்கிவிடுகிறோம், ஒரு மணி நேர வேலை" என்கிறது கடை. நான் பல் மருத்துவர். எக்ஸ்ரே பார்க்காமல் பல்லைப் பிடுங்கும் பழக்கம் எனக்கில்லை. காரணம் தெரிந்த பிறகுதான் தகரத்தில் கை வைக்க விடுவேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டொரான்டோ240

அக்கா, இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. என்னிடம் 1972 டாட்சன் 240 இசட் இருக்கிறது. அது தொழிற்சாலையிலிருந்து வந்தது நாலரை அங்குல அகல ரிம்மிலும் 175 டயரிலும். நான் போட்டிருப்பது ஏழு அங்குல ரிம்மும் 205/60 ஆர்15 டயரும். பின்னால் மட்கார்டு மடிப்பு உரசியது. சக்கரம் இருக்கும் ஹப்பிலேயே உருளைக் கருவியைப் பூட்டி, ஹீட் கன்னால் பெயின்ட்டைச் சூடாக்கி, மெல்ல மெல்ல மடக்கினோம். அதோடு உரசல் போய்விட்டது. முன்னால் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் பம்பருக்குக் கீழே இருக்கும் தகரமான வேலன்ஸின் முனையில் படுகிறது. அதை இன்னும் சரிசெய்யவில்லை. முழுக்க ஒடிப்பது வண்டியை நிறுத்தும்போது மட்டும்தானே என்று விட்டுவிட்டேன்.

உங்கள் காருக்கும் அதே வைத்தியம்தான். பயப்படாமல் உருட்டுங்கள்.

கோவைப்பட்டறை

டொரான்டோ தம்பி சொல்வது அவர் வண்டிக்குச் சரி. இந்த வண்டிக்கு இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கோவையில் அம்பாசிடரில் தொழில் கற்றவன். பிறகு பர்மிங்காமில் பழைய பிரிட்டிஷ் கார்களைப் புதுப்பிக்கும் ஒரு பட்டறையில் கை ஓயும்வரை வேலை பார்த்தேன். அம்பாசிடருக்கும் எம்ஜிபிக்கும் என்ன உறவு என்று சிரிக்காதீர்கள். அம்பாசிடரில் பல காலம் ஓடிய 1489 சி.சி. என்ஜினும் எம்ஜிபியின் 1798 சி.சி. என்ஜினும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் 'பி' வரிசை. பின்னால் இரண்டுக்கும் ஒரே ஏற்பாடு: முழு ஆக்ஸில், அதைத் தாங்க இரண்டு பட்டை ஸ்பிரிங். அவ்வளவுதான். ஆக்ஸில் இடம் வலமாக நகராமல் பிடித்துக்கொள்ள வேறு எந்தத் தண்டும் கிடையாது. அதையும் அந்தப் பட்டைகளும் அவற்றின் முனைகளில் உறையாக இருக்கும் ரப்பர் புஷ்களுமே செய்ய வேண்டும். அம்மணி கேட்ட கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

இடப்புறம் திரும்பும்போது வண்டியின் உடம்பு வலப்புறம் தள்ளப்படுகிறது. டயர்கள் தரையைப் பிடித்துக்கொண்டிருப்பதால் ஆக்ஸில் அங்கேயே நிற்கிறது. ஆக, ஆக்ஸிலை வைத்துப் பார்த்தால் உடம்பு முழுவதும் வலப்பக்கம் நகர்கிறது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பாருங்கள். வலது மட்கார்டின் மடிப்பு வலது டயரை விட்டு விலகிப் போகிறது. இடது மட்கார்டின் மடிப்போ இடது டயரை நோக்கி உள்ளே வருகிறது. அதோடு உடம்பு வலப்பக்கம் சாயவும் செய்கிறது. மடிப்பு இருக்கும் உயரத்தில் அந்தச் சாய்வும் அதே திசையில் இன்னும் சில மில்லிமீட்டர் தள்ளிவிடுகிறது. இடப்பக்கம் மேலே தூக்குவது உண்மைதான். ஆனால் ஆளும் பையும் ஏறி வண்டியின் பின்பக்கம் ஏற்கெனவே அமுங்கியிருக்கிறது. தூக்கிய பிறகும் மடிப்பு டயரின் உச்சிக்குக் கீழேதான் நிற்கிறது. அதனால்தான் பக்கச் சுவரின் நடுவில் படாமல் தோளில் பட்டுப் பளபளப்பாக்கியிருக்கிறது. நீங்கள் பார்த்த அடையாளம் இதை அப்படியே சொல்கிறது.

டாட்சன் 240 இசட்டில் பின் சக்கரங்கள் தனித்தனி. ஒவ்வொன்றும் தன் ஸ்ட்ரட்டிலும் கீழ்க்கையிலும் நிற்கிறது. பாரம் ஏறினால் சக்கரம் மேலே போகும், கோணம் மாறும். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஆக்ஸிலோடு பக்கவாட்டில் ஆடுவது என்ற பேச்சே அங்கே இல்லை. அங்கே இடம் போதாவிட்டால் இடத்தை உண்டாக்க வேண்டியதுதான். இங்கே முதலில் கேட்க வேண்டியது, ஆக்ஸில் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, இருந்த இடத்தில் நிற்கிறதா என்பது.

8, 19 என்றீர்கள். வித்தியாசம் 11. ஆனால் ஆக்ஸில் 11 நகர்ந்திருப்பதாக அர்த்தமில்லை. ஒரு பக்கம் குறைவது மறுபக்கம் கூடுகிறது. எனவே நடுவிலிருந்து விலகியிருப்பது அதில் பாதி, ஐந்தரை மி.மீ. இந்தக் கார்களில் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததில்லை. மூன்று நான்கு மி.மீ. வித்தியாசம் இருந்தால் நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். பதினொன்றை அப்படி விட முடியாது.

தகரத்தைத் தொடுமுன் இவற்றைப் பாருங்கள்.

இடது, வலது பின் சக்கரங்களை மாற்றிப் பூட்டி மறுபடி அளங்கள். இடைவெளி சக்கரத்தோடு சேர்ந்து போனால் கோளாறு சக்கரத்தில். ஸ்போக் சக்கரத்தைத் திரும்பக் கம்பி கட்டியவர் ரிம்மைச் சற்று வெளியே தள்ளிக் கட்டியிருக்கலாம். இதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதே இடத்தில் நின்றால் கோளாறு ஆக்ஸிலிலோ உடம்பிலோ.

அடுத்து, இது ஸ்போக் சக்கரத்துக்கென்றே வந்த ஆக்ஸில்தானா? எம்ஜிபியில் ஸ்போக் சக்கர ஆக்ஸில் சாதாரணச் சக்கர ஆக்ஸிலைவிடக் குட்டை. மொத்தத்தில் ஒன்றரை அங்குலத்துக்கும் மேல் வித்தியாசம் வரும். இடையில் வந்த சொந்தக்காரர் யாராவது சாதாரண ஆக்ஸிலில் பல் வைத்த அடாப்டரைப் பூட்டி ஸ்போக் சக்கரம் மாட்டியிருந்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். 185 டயர் கட்டாயம் உரசும். கண்டுபிடிப்பது எளிது. சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் டிரம்மைப் பாருங்கள். தொழிற்சாலை ஹப் என்றால் டிரம் அந்தப் பல் ஹப்பின் மேலாக நுழைந்து உட்கார்ந்திருக்கும். அடாப்டர் என்றால் அதன் தட்டு டிரம்மின் வெளிமுகத்தில் உட்கார்ந்திருக்கும்.

பிறகு கீழே படுத்துப் பாருங்கள். வண்டி நான்கு டயரிலும் நிற்கட்டும், சாய்தளத்தின் மேல் ஏற்றினால் வசதி. ஜாக்கியை நம்பி உள்ளே போகாதீர்கள். உங்கள் வீட்டுக்காரர் பின் மட்கார்டில் கைவைத்து வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டட்டும். நீங்கள் ஷேக்கிளை, அதாவது பட்டையின் பின்முனையை வண்டியின் உடம்போடு இணைக்கும் ஆடு தகடுகளைக் கவனியுங்கள். பட்டையின் பின் கண்ணில் (முனையில் உள்ள வளையத்தில்) இரண்டு பாதி ரப்பர் புஷ்கள் மேலேயும் கீழேயும் இருக்கும். அவை பிதுங்கி, நைந்து, ஷேக்கிள் தகடு இடமும் வலமும் சாய்ந்தாடினால் பாதி விடை கிடைத்துவிட்டது. பட்டை ஆக்ஸிலில் உட்காரும் இடத்தில் ரப்பர் பேட் உண்டு. அது எண்ணெயில் ஊறி மாவாகிப் போயிருந்தால் பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யு போல்ட் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. பட்டைகளை ஒன்றாகக் கோத்த நடு போல்ட்டின் தலை தன் துளையில் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக உயரம். ஹப்பின் நடுவிலிருந்து நேர் மேலே மடிப்பு வரை இரு பக்கமும் அளந்து எழுதுங்கள்.

டொரான்டோ240

ஐயா, ஒப்புக்கொள்கிறேன், எனக்குப் பட்டை ஸ்பிரிங் வண்டியில் பழக்கமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். இத்தனையையும் சரிசெய்துவிட்டு மடிப்பையும் உருட்டினால் என்ன நட்டம்? இடம் கூடத்தானே செய்யும்?

ஹாரோஸ்போக்

எல்லோரும் காரைப் பற்றியே பேசுகிறீர்கள். டயரைப் பற்றி யாரும் பேசவில்லையே.

ரோட்ஸ்டருக்கு அன்று வந்தது 155 ஆர்14. கூரை மூடிய ஜி.டி. மாடலுக்கு 165. 185 என்பது பிறகு பழக்கத்தில் வந்தது. அந்த 185 என்ற எண் எந்த ரிம்மில் பூட்டினாலும் 185 மி.மீ. இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. குறிப்பிட்ட ஓர் அகல ரிம்மில் வைத்து அளந்த அளவு அது. ரிம் அரை அங்குலம் மாறினால் டயரின் பக்க அகலம் ஏறத்தாழ 5 மி.மீ. மாறும். அறுபது கம்பி கொண்ட பழைய நாலரை அங்குல ரிம்மில் 185 டயர் கொஞ்சம் குறுகி நிற்கும். எழுபத்திரண்டு கம்பி கொண்ட ஐந்தரை அங்குல ரிம்மில் அதே டயர் விரிந்து நிற்கும். அதனால்தான் ஒருவர் "எனக்கு 185 உரசவே இல்லை" என்பார், அடுத்தவர் "மட்கார்டையே தின்றுவிட்டது" என்பார். பச்சைரோட்ஸ்டர், உங்களுடையது எத்தனை கம்பி?

175/70 போட்டால் பக்கத்துக்கு 5 மி.மீ. இடம் கிடைக்கும். ஆனால் அதன் விட்டம் 185/70ஐவிட 14 மி.மீ. குறைவு. வேகமானி இரண்டு சதவிகிதத்துக்குச் சற்று அதிகமாகக் காட்டும், என்ஜினும் அந்த அளவு கூடுதலாகச் சுற்றும். என்னைக் கேட்டால் மறுபடி 165க்கே போவேன். அந்தக் கார் வளைவில் சற்று வழுக்கி ஓடுவதுதான் அழகு. அகல டயரைப் போட்டு ஒட்டவைத்துவிட்டு ஸ்டீயரிங் கனக்கிறது என்று புலம்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்று. ஸ்போக் ரிம் என்பதால் உள்ளே டியூப் இருக்கும். டயர் வாங்கும்போது அதற்குப் பொருந்தும் அளவு டியூப்பும் வாங்கினீர்களா? சில நவீன டயர்களின் உட்புறம் வரி வரியாக இருக்கும். அது டியூப்பை அரித்துவிடும்.

பச்சைரோட்ஸ்டர் (லெஸ்டர்)

ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. வார இறுதி முழுவதும் காருக்கு அடியில் போயிற்று.

ஹாரோஸ்போக், என்னுடையது அறுபது கம்பி, நாலரை அங்குலம். டியூப் புதிது, சரியான அளவு. உட்புறத்தைத் தடவிப் பார்த்துத்தான் டயரைப் பூட்ட விட்டேன், வழவழப்பாக இருந்தது.

சக்கரங்களை இடம் மாற்றிய பிறகு இடது 10, வலது 17. அதாவது ஒரு சக்கரம் மற்றதைவிட 2 மி.மீ. வெளியே தள்ளி நிற்கிறது. மீதி அங்கேயே இருக்கிறது.

டிரம் பல் ஹப்பின் மேலாகத்தான் நுழைந்திருக்கிறது. ஆகவே ஆக்ஸில் சரியானது.

உயரம்: இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 12 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. ஓட்டுபவர் உட்காருவது வலப்பக்கம். தாழ்வதென்றால் அந்தப் பக்கம்தானே தாழ வேண்டும்?

ஷேக்கிளைப் பற்றி என்ன சொல்ல? கணவர் மட்கார்டில் கைவைத்து ஆட்டினார். நான் கீழே கைவிளக்கோடு படுத்திருந்தேன். இடது ஷேக்கிளின் தகடுகள் ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் சாய்ந்தன. மேல் புஷ்ஷின் ஒரு பாதி முழுவதாக இருந்தது. மறுபாதி இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு வளையம் மட்டும் மிச்சம். விரலால் தொட்டதும் அது உதிர்ந்து என் கண்ணில் விழுந்தது. வலது பக்கம் அவ்வளவு மோசமில்லை, ஆனால் நல்ல நிலை என்றும் சொல்ல முடியாது. ஆக்ஸில் பேட் இடப்பக்கம் எண்ணெயில் ஊறி, பாலில் போட்ட பிஸ்கட்டாக இருக்கிறது. யு போல்ட் நட்டுகளில் ஒன்று ஸ்பானரை வைத்ததும் சுற்றியது, அழுத்தமே தேவைப்படவில்லை. இதோடு இத்தனை நாள் ஏ47இல் ஓடியிருக்கிறேன்.

கேள்விகள் இரண்டு. இடது பட்டையை மட்டும் மாற்றினால் போதுமா? ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

கோவைப்பட்டறை

கண்ணைக் கழுவினீர்களா அம்மணி? அடுத்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு படுங்கள். பல் பிடுங்கும்போது போடுகிற அதே கண்ணாடி போதும்.

இடப்பக்கம் தாழ்ந்திருப்பது பட்டை தளர்ந்துவிட்டதால். வண்டி தாழ்ந்தால் உயரம் மட்டும் குறையாது. டயர் நேர்ச் சுவர் அல்ல, நடுவில் பருத்திருக்கும். மடிப்பு கீழே இறங்க இறங்க அந்தப் பருத்த இடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதனாலேயே இடைவெளி சில மில்லிமீட்டர் போய்விடும்.

பட்டையை ஒற்றையாக மாற்றவே கூடாது. ஜோடியாக மாற்றுங்கள். ரோட்ஸ்டருக்கான பட்டை என்று கேட்டு வாங்குங்கள். ஜி.டி.க்கு வருவது கடினமானது. அதை உங்கள் வண்டியில் போட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். ரோட்ஸ்டர் பட்டையும் புதிதில் கொஞ்சம் உயரமாகத்தான் நிற்கும், ஓட ஓட உட்காரும்.

புஷ் விஷயத்தில் நான் பழைய ஆள். முன் கண்ணில் உலோகத்தோடு ஒட்டிய ரப்பர் புஷ் வரும், அதையே போடுங்கள். பின் ஷேக்கிளில் வேண்டுமானால் பாலியூரித்தேன் போடலாம், ஆட்டம் குறையும். ஆனால் கிரீஸ் இல்லாமல் பூட்டினால் கிறீச்சிடும். அந்தச் சத்தத்தை உரசல் என்று நினைத்து மறுபடி இங்கே எழுதுவீர்கள். எதைப் போட்டாலும் முன் கண்ணின் போல்ட்டையும் ஷேக்கிள் நட்டுகளையும் வண்டி தன் டயரில் நிற்கும்போதுதான் முழுக்க இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ஒட்டிய ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். வண்டியும் தவறான உயரத்தில் நிற்கும். புதுப் பட்டை போட்டும் சரிவரவில்லை என்று வந்த வண்டிகள் பலவற்றில் கோளாறு இது ஒன்றுதான்.

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் புதுப் பேட் போடாதீர்கள். இடது ஹப்பின் சீல் கசிந்தால் எண்ணெய் பேட்டுக்கு மட்டுமல்ல, பிரேக் லைனிங்குக்கும் போகும். டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். லைனிங் நனைந்திருந்தால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும், கழுவிப் போடுவது வேலைக்காகாது.

ஷேக்கிளை நீளமாகப் போட்டு உயர்த்தலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். ஷேக்கிள் நீளமானால் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். நீங்கள் எதைக் குறைக்க நினைக்கிறீர்களோ அதையே வளர்த்துவிடுவீர்கள்.

இனி டொரான்டோ தம்பியின் கேள்வி. நட்டம் உண்டு. எம்ஜிபியின் பின் மட்கார்டு மடிப்பு ஒற்றைத் தகரம் அல்ல. வெளித் தகரமும் உள் வளைவின் தகரமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, வரிசையாக ஸ்பாட் வெல்டு வைத்தது. உருட்டி மடக்கினால் இரண்டும் ஒரே அளவு வளையாது. நடுவில் வாய் திறக்கும், சீலர் வெடிக்கும். டயர் வாரி அடிக்கும் தண்ணீர் நேராக அங்கே போய் உட்காரும். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர் இது, உங்கள் ஊரும்தான். இந்தக் காரில் துரு முதலில் தலைகாட்டும் இடங்களில் அந்த வளைவும் ஒன்று. வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே சல்லடையாகியிருக்கும்.

அதோடு, உங்கள் உருளைக் கருவி ஹப்பின் நான்கு ஸ்டட்டுகளில் பூட்டுவது. இந்த அம்மணியின் ஹப்பில் சக்கர ஸ்டட் எங்கே இருக்கிறது? பல் வைத்த ஹப், நடுவில் ஒரே மூடி நட்டு. கருவியைப் பூட்ட வழியில்லை. தனியாக ஒரு தட்டு செய்து கொண்டுவர வேண்டும். ஒரு மணி நேர வேலை என்று சொன்ன கடை அந்தக் காரைக் குனிந்து பார்த்ததா என்றே எனக்குச் சந்தேகம்.

எல்லாம் செய்தும் உரசினால் அப்போது மடிப்புக்கு வருவோம். அதையும் முழு வளைவுக்கும் செய்ய வேண்டாம். உரசிய உள்ளங்கை நீளத்துக்கும் இரு பக்கமும் கொஞ்சமும் போதும். உள்ளே கனமான இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்து, சூடு காட்டி, சிறு சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு டிங்கர் செய்ய வேண்டிய வேலை. முடிந்ததும் சீலரும் மெழுகும் அன்றைக்கே.

ஹாரோஸ்போக்

பன்ஹார்ட் தண்டு போடலாமே? ஒரு முனை ஆக்ஸிலில், மறுமுனை வண்டியின் உடம்பில். பக்கவாட்டு நகர்வு நின்றுவிடும். நீளம் மாற்றக்கூடியதாக வாங்கினால் ஆக்ஸிலை நடுவுக்கும் இழுத்துவிடலாம்.

கோவைப்பட்டறை

போடலாம், பந்தயத்துக்குப் போகிறவர்கள் போடுகிறார்கள். ஆனால் பட்டை தன் இடத்தில் உட்காராமல் இருக்கும்போது தண்டால் ஆக்ஸிலை இழுத்தால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். புஷ் சீக்கிரம் போகும். முதலில் தொழிற்சாலை கொடுத்ததைத் தொழிற்சாலை கொடுத்தபடி வைப்போம்.

ஹாரோஸ்போக்

சரி ஐயா. பச்சைரோட்ஸ்டர், இன்னொரு விஷயம். நாற்பது வயதைக் கடந்த கார்களுக்கு 2018 மே முதல் எம்ஓடி சோதனை (பிரிட்டனின் ஆண்டு வாகனத் தகுதிச் சோதனை) கட்டாயமில்லை, பெரிய மாற்றம் செய்யாதிருந்தால். அதற்காக டயர் உரசும் வண்டியை ஓட்டலாம் என்று ஆகிவிடாது. சாலைக்குத் தகுதியாக வைத்திருக்கும் பொறுப்பு உங்களுடையதே. நான் இன்றும் விரும்பியே ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோகிறேன். அந்த யு போல்ட் நட்டை அங்கே யாராவது பார்த்திருப்பார்கள். டயர் அளவு மாறியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

பச்சைரோட்ஸ்டர் (லெஸ்டர்)

வேலை முடிந்தது. இரண்டு புதுப் பட்டைகள், புது புஷ்கள், பேட்கள், யு போல்ட்டுகள். ஷேக்கிளுக்கும் ரப்பரே போட்டேன். ஐயா சொன்னபடி இடது ஹப்பின் சீல்தான் கசிந்திருந்தது. லைனிங்கின் ஓரம் நனைந்திருந்ததால் அதையும் இருபக்கமும் மாற்றினேன். பழைய நட்டுகளில் ஒன்று கழலவே மறுத்ததால் அறுத்தெடுக்க வேண்டியிருந்தது. மற்றபடி எல்லாம் வழிக்கு வந்தது. வெளியே தள்ளி நிற்கும் சக்கரத்தை வலப்பக்கத்திலேயே விட்டுவிட்டேன். ஐயா சொன்னதுபோல் கடைசி இறுக்கத்தை வண்டி தரையில் நிற்கும்போதே செய்தோம்.

இப்போது இடது 13, வலது 16. உயர வித்தியாசம் 2 மி.மீ.தான்.

கணவரையும் பைகளையும் ஏற்றிக்கொண்டு அதே அப்பிங்கம் வட்டச்சந்தியில் வழக்கத்தைவிடச் சற்று வேகமாகவே ஒடித்தேன். சத்தம் இல்லை. நம்பிக்கை வராமல், மடிப்பின் உட்புறத்தில் குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிசினைச் சிறு உருண்டைகளாக ஒட்டி மறுபடி போய்வந்தேன். உச்சியில் இருந்த ஓர் உருண்டையின் நுனி மட்டும் தட்டையாகியிருக்கிறது. உருண்டையின் கனம் சுமார் 6 மி.மீ., தட்டையான பிறகு 4. அப்படியானால் மிக மோசமான நேரத்திலும் 4 மி.மீ. மிஞ்சுகிறது. மடிப்பைத் தொடவில்லை. தகரம் தெரிந்த இடத்தில் பிரைமரும் பெயின்ட்டும் பூசிவிட்டேன்.

ஒரே ஒரு குழப்பம். முதலில் 8, 19. கூட்டினால் 27. சக்கரத்தை மாற்றிய பிறகு 10, 17. அதுவும் 27. இப்போது 13, 16, கூட்டினால் 29. டயரும் சக்கரமும் அவையேதான். இந்த 2 மி.மீ. எங்கிருந்து வந்தது? தப்பாக அளந்துவிட்டேனா?

கோவைப்பட்டறை

தப்பில்லை அம்மணி, அளவு சரி. ஆக்ஸில் இடம் வலமாக நகர்ந்தாலும் சக்கரங்களை இடம் மாற்றினாலும் ஒரு பக்கம் போவது மறுபக்கம் வரும், கூட்டுத்தொகை மாறாது. அதனால்தான் முதல் இரண்டு முறையும் 27 வந்தது. இப்போது புதுப் பட்டை வண்டியை உயர்த்திவிட்டது. மடிப்பு டயரின் பருத்த இடத்தைவிட்டு மேலேறித் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அங்கே டயர் உள்ளே சரியத் தொடங்குகிறது. கூடுதலாக வந்த 2 மி.மீ. அதுதான். பட்டை உட்காரும்போது அதில் கொஞ்சம் திரும்பப் போகும். ஒரு மாதம் ஓடிய பிறகு மறுபடி அளங்கள். இடது 11க்குக் கீழே போனால் இங்கே எழுதுங்கள்.

யு போல்ட் நட்டுகளை அடுத்த வாரமே ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புதுப் பேட் அமுங்கியதும் அவை சற்றுத் தளரும்.

டொரான்டோ240

அக்கா, அந்தப் பிளாஸ்டிசின் யோசனையை என் முன் வேலன்ஸில் செய்து பார்க்கப் போகிறேன். ஐயா, 240 இசட்டில் முன்பக்கம் உரசுவதற்குத் தனியாக ஒரு இழை தொடங்கினால் வருவீர்களா?

கோவைப்பட்டறை

தொடங்குங்கள் தம்பி. ரிம்மின் ஆஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கிறது), டயர் அளவு, எந்தப் பக்கம் ஒடித்தால் எங்கே படுகிறது, இதையெல்லாம் முதல் பதிவிலேயே எழுதிவிடுங்கள். புகைப்படமும் போடுங்கள்.